காலை ஐந்தரை

செவ்வாய்க்கிழமை ராத்திரி எடிட்டர்
தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது.
காலையில் திறந்தால் எல்லா வரியும் சாம்பல்.
நீலமாய் இருந்த கட்டளை,
பச்சையாய் இருந்த குறிப்பு,
மேற்கோளுக்குள் மஞ்சளாய்க் கிடந்த படகுப் பெயர்கள்,
எல்லாம் ஒரே நிறம்,
மூன்று வெயில் கண்ட காரப்பொடிக் கருவாடு.
மூலையில் சின்னப் பெட்டி:
இந்த மொழிப் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை.
அடியில் ஒரு பொத்தான்: சரி.
சரி என்பதைத் தவிர வேறு பதில்
வைக்கவில்லை அவர்கள்.

மண்டபம் வடக்குத் துறை. ஐஸ் கம்பெனி மாடி.
கீழே கட்டி உடைத்தால் மேலே மவுஸ் நகரும்.
இங்கிருந்துதான் ஓடுகிறது
முந்நூற்றுப் பன்னிரண்டு விசைப்படகின் கணக்கு:
யாருக்கு டோக்கன், எத்தனை லிட்டர் டீசல்,
போன நேரம்,
வந்த நேரம்.

எழுதியவர் நைனார் முகம்மது.
இப்போது ஷார்ஜாவில் டயர் கடை.
போன் போட்டேன்.
"அது இன்னுமா ஓடுது?" என்றார்,
துக்கம் விசாரித்துவிட்டு வந்த வீட்டாளைச்
சந்தையில் பார்த்தவர் மாதிரி.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"நாப்பத்தேழாவது வரியத் தொடாதீங்க."
ஏன்?
"மறந்துபோச்சு. ஆனா தொடாதீங்க."

அவருடைய குறிப்புகள் எல்லாம் பாமினியில்.
எழுத்துரு இல்லாத திரையில்
அரைப்புள்ளியும் கொக்கியும் கோணலுமாய்ச்
சிந்திக் கிடக்கின்றன.
நான் ராமநாதபுரத்தில் நாலு வருஷம்
கல்யாணப் பத்திரிகை அடித்தவள்.
அதே விசைகளை ஒவ்வொன்றாய் அழுத்திப்போனால்
விரலுக்குத் தமிழ் புரியும்.
இருநூற்றுப் பத்தாம் வரியில் இப்படி எழுதியிருக்கிறார்:
மழை. கரண்டு இல்லை. நாளைக்குச் சரிபண்ணணும்.
தேதி, இரண்டாயிரத்து நாலு, ஐப்பசி.

நாற்பத்தேழு இதுதான்.
வந்த நேரம் காலியாக இருந்தால்
அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்.
பூஜ்யம் என்றால் இயந்திரத்தின் கணக்கில்
1970, ஜனவரி ஒன்று.
நம் நேரத்துக்குக் காலை ஐந்தரை.
கடலில் நிற்கிற படகெல்லாம்
நான் பிறக்காத ஒரு விடியலில்
ஏற்கெனவே கரைக்கு வந்துவிட்டதாய்ப் பட்டியல் சொல்லும்.

தப்புதான்.
ஆனால் துறையில் எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும்.
"நாகநாதர் துணை வந்துருச்சா?"
"இல்ல, எழுபதுலதான் நிக்குது."

புதுப் பதிப்பு இதை ஒத்துக்கொள்ளாது.
காலியைத் தேதியாக்க முடியாது என்று
பக்கத்தையே நிறுத்திவிடும்.
நியாயம். மறுக்க முடியவில்லை.
மதுரையிலிருந்து பிரணேஷ் வந்தான்,
இரண்டேகால் லட்சம் ஆகும் என்றான்,
ஒரு மாதிரி செய்து காட்டினான். அழகாய்த்தான் இருந்தது.
வந்த நேரம் இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம்.

ஐஸுக்கு நின்ற லூர்து பவுலின் எட்டிப் பார்த்து,
"இதுல என்ன போட்டிருக்கு?"
"ஒண்ணும் இல்லக்கா."
"ஒண்ணும் இல்லன்னா?"
அவன் பிடரியைத் தடவிக்கொண்டான்.
அவள் அங்கேயே நின்றாள்,
கூடையிலிருந்து ஐஸ் தண்ணி சொட்டி
என் பிளக் பாயிண்ட் வரைக்கும் போயிற்று.

பட்டியலில் ஒரு படகு
பதினோரு வருஷமாய் எழுபதில் நிற்கிறது.
அந்த வரியை அழி என்று
உரிமையாளர் கேட்கவில்லை,
சங்கம் கேட்கவில்லை.
நானாக அழிக்கவும் இல்லை.

பிரணேஷுக்குப் பஸ் செலவு கொடுத்து அனுப்பினேன்.
புதுப்பிக்கும் வசதியை அணைத்தேன்,
நம்பிக்கை இல்லாமல் நெட் வயரையும் உருவினேன்.
நிரல் முழுவதையும் நாற்பது தாளில் எடுத்து
மகளின் ஸ்கெட்ச் பேனாவால்
கட்டளைக்கு நீலம், குறிப்புக்குப் பச்சை.
மஞ்சள் காய்ந்திருந்தது.
படகுப் பெயர்களுக்கு ஆரஞ்சு.

இன்று முதல் படகு அல் பஹ்ர்.
கயிறு விழும்போது கடிகாரத்தைப் பார்த்தேன்.
சரியாக ஐந்தரை.
தேதி வேறுதான், யாரும் குழம்பமாட்டார்கள்தான்.
இருந்தாலும்
ஐந்து முப்பத்தொன்று என்று போட்டேன்.
எப்போதும் அப்படித்தான் போடுகிறேன்.